காயாத பச்சைப் பலகை

வேலை செய்யும் இடத்தில் கற்றுக்கொண்ட ஒழுங்கை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. செருப்பைப் போல அதையும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். போலீஸ்காரர் மனைவியை விசாரித்தால் எங்கே போய் முடியும், கணக்கு வாத்தியார் சாம்பாருக்கு மதிப்பெண் போட்டால் எங்கே போய் முடியும் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். டூல் ஸ்டோர்க்காரன் வீட்டுச் சுவரில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. மளிகைக்கடைப் பொட்டலக் காகிதம் வரை படித்துவிட்டு வீசுகிறவன் நான். தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

நடந்தது 1991 அக்டோபரில். அந்த வருடம் என்றதும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் எல்லாருக்கும் வேறொன்று நினைவுக்கு வரும். அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் 1991 என்றால் பலகை விழுந்த வருடம். (விழவில்லை, பெயர்க்கப்பட்டது. அன்றிலிருந்து திருத்திக்கொண்டே இருக்கிறேன், யாரும் குறித்துக்கொள்வதில்லை.)

அப்போது படப்பையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நானும் மல்லிகாவும் மட்டும். கல்யாணமாகி இரண்டு வருடம். எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டூல் ஸ்டோரில் வேலை. ஸ்பேனர், சுத்தியல், டிரில் பிட் எல்லாம் என் பொறுப்பு. எங்கள் ஸ்டோரில் 'ஷேடோ போர்டு' என்று ஒன்று உண்டு. சுவரில் பெரிய பலகை. அதில் ஒவ்வொரு கருவியின் உருவமும் வெள்ளை பெயின்டில் நிழல் போல வரைந்திருக்கும். ஸ்பேனரை எடுத்தால் ஸ்பேனர் வடிவில் வெள்ளை பல்லிளிக்கும். எடுத்தவன் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை அங்கே மாட்டிவிட்டுப் போக வேண்டும். தலையைத் திருப்பினாலே எது இருக்கிறது, எது இல்லை, யார் எடுத்தான் எல்லாம் தெரிந்துவிடும். மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் சக்கரத்துக்கு அடுத்தது ஷேடோ போர்டு என்பது அன்றைய என் கருத்து. இன்றைக்கும் அதுதான் கருத்து. சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

மல்லிகா ஐ.டி.ஐ.யில் கட்டட வரைபடம் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய டி-ஸ்கொயரும் செட் ஸ்கொயர்களும் இங்க் பேனாக்களும் தகரப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தன. அந்த ஆவணியில் அவற்றுக்கு விடிவு வந்தது. ஏகாம்பரம் என்பவர் தன்னுடைய நெல் வயலை மனை போட்டு, தன் அம்மா பேரில் நகர் ஆக்கியிருந்தார். மனை வாங்கியவர்களுக்கு வீட்டு பிளானும் தானே போட்டுத் தந்தால் விற்பனை சூடு பிடிக்கும் என்று அவருக்கு ஒரு யோசனை. எங்கள் வீட்டுக்காரம்மா மூலம் மல்லிகாவைப் பற்றிக் கேள்விப்பட்டு நேரில் வந்தார்.

"தங்கச்சி, மொதல்ல ஒரே ஒரு பிளான் போட்டுக் குடு. என் சொந்த வூடு. விஜயதசமி அன்னிக்கு பூமி பூஜ. அது நல்லா வந்துச்சின்னா மொத்த நகருக்கும் நீதான். வரலன்னா நான் தாம்பரம் இன்ஜினியராண்ட போய்ட்டே இருப்பேன். அப்பறம் கோச்சிக்கக் கூடாது."

மல்லிகா கோபித்துக்கொள்ளவில்லை. தகரப் பெட்டியைத் திறந்தாள். சமையலறைக்குப் பக்கத்தில் அரிசி மூட்டையும் என் சைக்கிளும் குடியிருந்த சின்ன அறையைக் காலி செய்து, கதவுப் பலகை ஒன்றை இரண்டு ஸ்டூல்கள் மேல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். டிரேசிங் பேப்பரில் ஒரே பிளானை மூன்று தடவை வரைந்தாள். முதல் இரண்டும் எனக்குக் குறையில்லாமல்தான் தெரிந்தன. அவள் கிழித்துப் போட்டுவிட்டாள். மூன்றாவதின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, 'வரைந்தவர்: ம. மல்லிகா' என்று எழுதினாள். எழுதிவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி என்னைப் பார்த்ததாக நினைவில்லை.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கத்தரிக்கோல் எங்கே என்று அவள் ஒரு நாள் கேட்டுவிட்டாள். அடுத்த நாள் பிளேடு எங்கே என்றாள். எனக்குள் இருந்த டூல் ஸ்டோர் விழித்துக்கொண்டது.

"இந்த ரூமுக்கு ஒரு சுவர் ஆபீஸ் வேணும்" என்று அறிவித்தேன்.

"எனக்கு ஒரு ஆணியும் ஒரு ஜாதிக்காய் மரப் பெட்டியும் போதுங்க."

"ஆணியும் பெட்டியுமா? நாளைக்கு ஏகாம்பரம் வந்து பாத்தா என்ன நினைப்பாரு? ஆபீஸ்னா பாத்தவுடனே ஆபீஸ்னு தெரியணும்."

அவள் அரிசி களைய எழுந்து போய்விட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கதவளவு பிளைவுட் ஒன்று வாங்கிவந்தேன். அதைச் சுவரில் பொருத்துவதற்கு, கடையில் இருப்பதிலேயே நீளமான ஆணி நான்கு. கடைக்காரர், "இவ்ளோ பெரிய ஆணி இன்னாத்துக்கு சார், கப்பலு கட்றீங்களா?" என்றார். பலகை என் ஆயுளுக்கும் அசையக் கூடாது என்றேன். அவர் உடனே பொட்டலம் கட்டிவிட்டார். ஆயுள் என்ற வார்த்தை வந்ததும் சனங்கள் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள்.

எங்கள் பக்கத்துக்கும் வீட்டுக்காரம்மா ரோசம்மா அக்காவின் பக்கத்துக்கும் நடுவே இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். அதன் மெலிவு எனக்குத் தெரியாது. நாலாவது ஆணியை அடித்து முடித்து வியர்வையைத் துடைத்தபோது அக்கா வாசலில் நின்றார். அவர் கணவர் கப்பலில் வேலை. வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார். அதனால் அக்கா எதற்கும் பதறுவதில்லை.

"இன்னா தம்பி, காலைலேர்ந்து டமால் டமால்னு. உன் ஆணி நாலும் என் வூட்டுக்குள்ள வந்து எட்டிப் பாக்குது. மாதா படத்துக்கு அந்தாண்ட ரெண்டு, இந்தாண்ட ரெண்டு."

வேறு ஒருவனாக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பான். எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு. "அக்கா, ஆணி அந்தப் பக்கம் வந்தாத்தான் பலம்" என்றேன், ஏதோ வேண்டுமென்றே செய்தவன் போல.

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "அப்டியா? சரி. வந்ததுதான் வந்துச்சி, நானும் எதுனா மாட்டிக்கிறேன்" என்று போய்விட்டார். சற்று நேரத்தில் சுவரின் அந்தப் பக்கமிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. அக்காவும் ஏதோ வேலை செய்கிறார் என்று நினைத்தேனே தவிர, அதற்கும் எனக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் தொழிற்சாலையில் மெஷின்களுக்கெல்லாம் பச்சை பெயின்ட் அடித்து, திருஷ்டிப் பூசணி உடைத்து, ஆளுக்கொரு பொரிப் பொட்டலம் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் லீவு. பெயின்ட் வாசனையோடு வீட்டுக்கு வந்த எனக்கு அன்றைக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. விடிந்ததும் ஒரு டப்பா பச்சை எனாமலைத் திறந்தேன். அது கெட்டியாக, அல்வா பதத்தில் இருந்தது. டர்பன்டைன் வாங்கக் கடைக்குப் போனால் கடைக்காரர் தராசுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார். இனிமேல் நாளைக்குத்தான் வியாபாரம் என்றார். ரேஷன் மண்ணெண்ணெய் வீட்டில் இருந்தது. எண்ணெய்க்கு எண்ணெய், என்ன ஆகிவிடும் என்று தாராளமாக ஊற்றிக் கலக்கினேன். (ரசாயனம் படிக்காதது என் குற்றமில்லை, எங்கள் பள்ளியில் அதற்கு வாத்தியார் வரவே இல்லை.)

பலகை முழுக்கப் பச்சை. மத்தியானம் வெள்ளை எனாமலில் நிழல்கள். டி-ஸ்கொயர், செட் ஸ்கொயர், ஸ்கேல், கத்தரிக்கோல், பேனாக்கள். நடுவில், எல்லாவற்றுக்கும் பெரிதாக, பிளான் மாட்டுவதற்கு ஒரு நீள்சதுரம். அதையும் நிழல்தானே என்று முழுக்க வெள்ளை அடித்தேன். சோடா மூடிகளைத் தட்டித் தட்டையாக்கி ஓட்டை போட்டு டோக்கன் செய்தேன். எனக்கு ஒன்றாம் நம்பர், மல்லிகாவுக்கு இரண்டு.

"என் கத்தரிக்கோல நான் எடுக்கறதுக்கு டோக்கன் வெக்கணுமா?"

"எடுத்தது யார்னு தெரிய வேணாமா?"

"வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு. நான் எடுக்கலன்னா நீங்க."

இந்தத் தர்க்கத்துக்கு எங்கள் ஸ்டோரில் இடமில்லை. கடைசியாக, பலகையின் கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'நிறுவிய நாள் 17.10.91' என்று எழுதினேன். எதற்கும் நாள் குறித்துவைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வாங்கிய குடத்தின் அடியில்கூட எங்கள் வீட்டில் தேதி இருக்கும்.

சாயங்காலம் பூஜை. எல்லாவற்றையும் அதனதன் நிழல் மேல் மாட்டினேன். வெளியே பிடித்துக்கொண்ட மழை விடவில்லை. மல்லிகா விரல் நுனியால் பலகையைத் தொட்டாள்.

"ஏங்க, இன்னும் பிசுபிசுன்னு இருக்குது. பிளான மட்டும் தட்டுல வெச்சிடலாமே."

"மழை ஈரம். அப்படித்தான் தெரியும்."

"மண்ணெண்ணெ வாசன வருது."

"அது புது பெயின்ட்டோட வாசன" என்று அடித்துச் சொன்னேன். அந்தத் தொனியைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசரிடம் கற்றுக்கொண்டேன். விஷயம் தெரியாதபோது பயன்படுவது.

ஈரம் காயட்டும் என்று மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். பிளான் படபடத்தது. படபடத்தால் அழகாயிருக்காது என்று அதை வெள்ளைச் சதுரத்தின் மேல் வைத்து, நடுவிலிருந்து ஓரம் வரை உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டவைத்தேன். 'ஒட்டவைத்தேன்' என்று இப்போது எழுதுகிறேன். அன்று அதற்கு 'சீராக்குவது' என்று பெயர்.

பிறகு பொட்டு. எல்லாக் கருவிகளுக்கும் மல்லிகா சந்தனம் குங்குமம் வைத்தாள். பிளானுக்கு நான் வைக்கிறேன் என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். யாராக இருந்தாலும் மூலையில் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள். பொட்டு என்றால் நெற்றியின் நடுவில் அல்லவா இருக்க வேண்டும்? ஸ்கேலை எடுத்து (டோக்கன் மாட்டிவிட்டுத்தான்) மூலைக்கு மூலை அளந்து, சரியான மையத்தைக் கண்டுபிடித்து, அங்கே வட்டமாகச் சந்தனம், அதன் நடுவே வட்டமாகக் குங்குமம். காம்பஸ் வைத்துப் போட்டது போல வந்தது. அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

கற்பூரம் காட்டி, பொரி கடலை தின்று முடித்ததும் மல்லிகா மறுபடியும் பலகைப் பக்கம் போனாள். பிளானின் ஓரத்தை நகத்தால் தூக்கப் பார்த்தாள்.

"தொடாதே" என்றேன். "பூஜையில வெச்சத காலைல புனர்பூஜ பண்ணாம எடுக்கக் கூடாது. இது உனக்கே தெரியும்."

தெரியும். நாடு முழுக்கத் தெரியும். அன்றைக்குப் புத்தகத்தைத் தொடாமல் இருந்தே தேறிய வம்சம் நாங்கள். அவள் கையை எடுத்துக்கொண்டாள். நான் மட்டும் அந்த ஒரு நாள் சாஸ்திரத்தை மறந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

விஜயதசமி வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு, மறுபடியும் கற்பூரம் காட்டி, "இப்ப எடு" என்றேன். அன்று எடுத்து ஒரு கோடாவது போட வேண்டும் என்பது வழக்கம். மல்லிகா செட் ஸ்கொயரை எடுத்தாள். வரவில்லை. இழுத்தாள். பச்சை நூல் நூலாக நீண்டு, சப்பென்று மறுபடி ஒட்டிக்கொண்டது. கத்தரிக்கோல் வரவில்லை. சோடா மூடிகள்கூட வரவில்லை. எந்தக் கருவியும் காணாமல் போகாத பலகை என்று நான் சொன்னதைப் பலகை மட்டும்தான் முழுமையாக நம்பியிருந்தது.

அவள் பிளானின் மேல் மூலையைப் பிடித்தாள். மெல்லத்தான் தூக்கினாள். சர்ரென்று ஒரு சத்தம். கழிப்பறையின் ஒரு சுவர் அவள் கையிலும், மீதி பலகையிலுமாக நின்றன.

நான் வேகமாக முன்னே வந்தேன். "இரு, நான் பிளேடால மெதுவா..."

"கைய எடுங்க."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். கிழிந்த துண்டை அதன் இடத்திலேயே வைத்து அழுத்தினாள். (அது நன்றாக ஒட்டிக்கொண்டது.) பிறகு வலது கீழ் மூலையில் இருந்த அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு வருடம் பெட்டிக்குள் கிடந்த படிப்பு வெளியே வந்து தன் பெயரை எழுதிய ஒரே இடம் அது. நான் அதை மண்ணெண்ணெயில் ஒட்டிவைத்திருக்கிறேன். 

வாசலில் டிராக்டர் வந்து நின்றது.

"இன்னா சார், பிளானு ரெடியா?" ஏகாம்பரம் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார். "ஐயரு அங்க வந்து குந்திகினு கீறாரு. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள மேஸ்திரி கயிறு கட்டணும்."

மல்லிகா பலகையைக் காட்டினாள். அவர் பார்த்தார். பச்சை, வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கீழே தேதி.

"நல்லாக்கீது. கழட்டிக் குடு."

"கழட்ட வராதுண்ணே."

"ஏன்?"

அவள் என்னைப் பார்த்தாள். ஏகாம்பரமும் என்னைப் பார்த்தார். ஓர் ஆள் குற்றவாளி என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய முறை கிடையாது.

"பெயின்ட் காயல" என்றேன்.

"காயாத பெயின்ட்டு மேல எதுக்கு சார் காயிதத்த ஒட்னீங்க?"

இந்தக் கேள்விக்கு நானும் பல ஆண்டுகள் பதில் தேடியிருக்கிறேன். அவர் சட்டைப் பையைத் தடவினார். தாம்பரம் இன்ஜினியரின் கார்டு அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மல்லிகாவுக்கும் தோன்றியிருக்க வேண்டும். நேராக நிமிர்ந்து சொன்னாள்: "பலகையோடவே எடுத்துட்டுப் போங்கண்ணே. கோடு எதுவும் அழியல. மேஸ்திரி பாத்துக் கயிறு கட்டலாம். நானும் வரேன்."

ஏகாம்பரம் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, புடிங்க சார் அந்தாண்ட."

நானும் அவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். பலகை அசையவில்லை. என் ஆயுளுக்கும் அசையக் கூடாது என்று கேட்டு வாங்கிய ஆணிகள். மூச்சைப் பிடித்து இன்னொரு முறை இழுத்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"யார்டா அது என் ஜெபமாலைய ஆட்றது?"

"அக்கா, நான்தான். ஆணியப் பிடுங்கறோம்."

"புடுங்க வராது தம்பி. நான் மொனைய வளைச்சி வெச்சிட்டனே. ஒண்ணுல ஜெபமால, ஒண்ணுல கொட, ஒண்ணுல பையி. ரொம்ப வசதியாக்கீது."

அன்று கேட்ட சுத்தியல் சத்தத்துக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. என் பலகையை என்னைவிட உறுதியாகப் பொருத்தியவர் அக்கா.

"நிமித்துங்கக்கா, அவசரம்."

"இரு, கொடைய எடுத்துட்டு நிமித்துறேன்."

அவர் அந்தப் பக்கம் நின்று ஆணி முனைகளைத் தட்டி நிமிர்த்தினார். மூன்று நிமிர்ந்தன. நாலாவதை அவர் தட்டிக்கொண்டிருக்கும்போதே ஏகாம்பரம் பொறுமையிழந்து, உழவு மாட்டை மடக்குகிற வேகத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். பலகை வந்தது. நாலாவது ஆணியும் வந்தது. அதைச் சுற்றியிருந்த இரண்டு செங்கல்களும் வந்தன. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். தூசி அடங்கியதும் சுவரில் ஓர் ஓட்டை தெரிந்தது. ஓட்டைக்குள் ரோசம்மா அக்காவின் முகம் தெரிந்தது, கையில் சுத்தியலோடு.

"வாங்க ஏகாம்பரம்" என்றார் அக்கா. "காபி சாப்புட்றீங்களா?"

"வேணாம்மா, நேரமாச்சி."

பலகையை வெளியே தூக்கினோம். மல்லிகா கடைசியாக ஒரு காரியம் செய்தாள். பலகையின் விளிம்பில் பாதி மட்டும் ஒட்டியிருந்த ஒன்றாம் நம்பர் சோடா மூடியைப் பிய்த்து எடுத்து, காலியான சுவரில் ஆணித் துளையில் சிக்கி நீட்டிக்கொண்டிருந்த ஒரு மரச் சிராயில் மாட்டினாள்.

"எடுத்தவங்க டோக்கன் வெச்சிட்டுப் போகணும்ல" என்றாள்.

டிராக்டர் டிரெய்லரில் பலகையை நிறுத்தி, நான் ஒரு பக்கமும் மல்லிகா ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். தூறல். ரோசம்மா அக்கா குடையைக் கொடுத்தனுப்பியிருந்தார். மல்லிகா அதைப் பலகைக்குப் பிடித்தாள். நான் நனைந்துகொண்டே போனேன். கடைத்தெருவில் நின்றவர்கள், பொட்டும் பூவும் கத்தரிக்கோலுமாகக் குடைக்கு அடியில் ஊர்வலம் போவது எந்தச் சாமி என்று தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தொழிற்சாலைக்காரர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். வேறு வழியில்லை.

மனையில் ஐயர் பலகையை ஏற இறங்கப் பார்த்து, "இது என்ன?" என்றார். "பிளானு சாமி" என்றார் ஏகாம்பரம். ஐயர் எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கும் ஒரு முறை கற்பூரம் காட்டினார். டிராக்டர் சக்கரத்தில் பலகையைச் சாய்த்து, மேஸ்திரி அதைப் பார்த்துப் பார்த்துக் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டார். கிழிந்த கழிப்பறைச் சுவரை மட்டும் மல்லிகா வாயால் சொன்னாள். பத்தரைக்கு முன்னால் முதல் மண்வெட்டி விழுந்துவிட்டது.  ஏகாம்பரம் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. "அப்பறம் பாக்கலாம் தங்கச்சி" என்றார். பலகையை மேஸ்திரியிடமே விட்டுவிட்டு வீடு திரும்பும் வழியெல்லாம் மல்லிகா அந்த 'அப்புறம்' எப்படிப்பட்ட அப்புறம் என்று யோசித்துக்கொண்டே வந்தாள். நான் எந்தக் கருத்தும் சொல்லவில்லை. அது எனக்கே புதிதாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போனோம். கடைக்கால் பள்ளமெல்லாம் கோடு தப்பாமல் எடுத்திருந்தார்கள். மல்லிகாவின் முகம் மலர்ந்தது. ஒரு நிமிடம்தான். ஹாலின் நடுவில், எந்தச் சுவரோடும் சேராமல், தனியாக ஒரு பள்ளம் இருந்தது.

"இது எதுக்கு மேஸ்திரி?"

"தூணுக்கு மேடம்."

"தூணா? ஹாலுக்கு நடுவுலயா?"

"பிளான்ல கீதே. செவப்பா ரவுண்டு தூணு, சுத்தி மஞ்சளா பூச்சு. சென்டர் புடிச்சி கரெக்டா போட்டிருந்தீங்க. புது டிசைனுன்னு நெனச்சேன்."

மல்லிகா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கும் திசையைப் பார்த்தேன். அங்கே அவசரமாகப் பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை.

அதற்குள் ஏகாம்பரமும் வந்துவிட்டார். "எனக்கும் அதான் டவுட்டு தங்கச்சி. தாம்பரத்துக்காரரு வந்து பாத்துட்டு சிரிச்சாரு. இன்னாத்துக்கு இந்தத் தூணு?"

தாம்பரத்துக்காரர் வந்து பார்த்திருக்கிறார். அப்படியென்றால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மேல் மாடி கட்டினால் பாரம் தாங்கும், ஏதாவது சொல்லிச் சமாளி என்று மல்லிகாவுக்குக் கண்ணால் சைகை காட்டினேன். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"அண்ணே, நான் போட்டதில்ல அது. ஆயுத பூஜைக்கு இவரு வெச்ச பொட்டு. சந்தனமும் குங்குமமும். பள்ளத்த மூடச் சொல்லிடுங்க. என் பிளான்ல அங்க தூண் கெடையாது."

ஏகாம்பரம் பள்ளத்தைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்: "பூஜையில வெச்ச பொட்டா?"

"ஆமா" என்றேன்.

"விஜயதசமி வரிக்கும் அப்டியே இருந்துச்சா?"

"தொடவே இல்ல" என்றேன். அதில் மட்டும் என்னிடம் தவறில்லை.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப மூட வேணாம் மேஸ்திரி. பூஜையில வெச்ச எடத்த மூடுனா வூடு வெளங்காது. தூண எழுப்பிடு." பிறகு மல்லிகாவிடம் திரும்பினார். "மத்த மனைக்கெல்லாம் நீயே போட்டுடு தங்கச்சி. தாம்பரத்துக்காரராயிருந்தா பொட்டுக்கு ஒரு கத கட்டியிருப்பாரு. ஒண்ணே ஒண்ணு, இனிமே பொட்டு வெக்க வேணாம். சிமிட்டி வெல ஏறிப்போச்சி."

அந்த நகரில் அதற்குப் பிறகு எழுந்த வீடுகளுக்கு மல்லிகாதான் பிளான் போட்டாள். எல்லாம் அந்தச் சின்ன அறையில்தான். சுவரில் ஓர் ஆணி, கீழே ஒரு ஜாதிக்காய்ப் பெட்டி. ஓட்டையை அடைக்கச் சொல்லி ரோசம்மா அக்காவிடம் பலமுறை கெஞ்சினேன். அக்கா அடைக்கவில்லை. அவர் வீட்டில் போன் இருந்தது. ஏகாம்பரம் கூப்பிட்டால் ரிசீவரை ஓட்டை வழியாக நீட்டி, "ஆபீசு, போனு" என்பார். பலகையால் நான் கொண்டுவர முடியாத ஆபீஸ் என்ற களை அந்த ஓட்டையால் வந்துவிட்டது என்று மல்லிகா சொல்வாள். ஓட்டையும் என் வேலைதான் என்பதை நான் அவ்வப்போது ஞாபகப்படுத்துவேன்.

எங்கள் வீட்டில் தேவையில்லாத பொருள் எதுவானாலும் அதற்குத் 'தூண்' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஓடாத மிக்சி ஒரு தூண். நான் வாங்கிய உடற்பயிற்சி சைக்கிள் பெரிய தூண். கொரோனா காலத்தில் எங்கள் மகள் கயல் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டி வந்தபோது, சுவரில் மாட்டும் ஓட்டை ஓட்டையான பலகை ஒன்றை ஆன்லைனில் வாங்கினாள். நான் வெறும் ஆர்வத்தில் ஒரு ஆலோசனை சொல்ல வாயெடுத்தேன். "அம்மா, அப்பாவ ரூமுக்குள்ள விடாத" என்று அவள் உள்ளிருந்தே கத்தினாள். கதவைச் சாத்தும் சத்தமும் கேட்டது. அவள் 1991-ல் பிறந்திருக்கவே இல்லை. இருந்தும் எல்லாம் தெரியும்.

போன மாதம் ஏகாம்பரம் வீட்டில் ஒரு விசேஷம், போயிருந்தோம். வீட்டைச் சுற்றிலும் இப்போது அடுக்குமாடிகள். ஒரகடம் சாலையில் லாரி போகிற அதிர்வில் அந்த வீட்டுச் சுவர்களில் அங்கங்கே விரிசல். ஹாலின் நடுவில் தூண் மட்டும் உருண்டு திரண்டு, அடியில் சந்தனமும் குங்குமமுமாக நின்றது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. மேலே உத்தரம் இல்லை, மாடி இல்லை; கூரைக்கு ஒரு முழம் கீழேயே நின்றுவிடுகிறது.

"பாத்தியா" என்று மல்லிகாவின் காதில் சொன்னேன். "உன் சுவரெல்லாம் விரிசல் விட்டிருக்கு. நான் போட்டது எப்படி நிக்குது பார்."

அவள் பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் தூணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாரம் ஒண்ணையும் தாங்கலன்னா விரிசல் எப்படி விடும்?" என்றாள். "நம்ம வீட்லயும் ஒண்ணு அப்படித்தான் நிக்குது, கீறல் இல்லாம."